இன்னும் ஓர் அடி தாங்கும்

கடைசியாகத் துளசிமணியை உயிரோடு பார்த்தபோது அவள் புருஷன் நாச்சிமுத்துவைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையை இரண்டாக மடித்துச் சாய்ந்து, மடியில் தொடுதிரை டேப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள், குளுக்கோஸ் ஏறுகிற கை வலிக்கிறது என்று ஒரு நிமிஷம் அவரிடம் கொடுத்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் திரையில் ஒரு கதவைத் தொட்டுத் திறந்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் கொம்பு வைத்த ஒன்று கோடாலியை ஓங்கிக்கொண்டு நின்றது. "ஏனுங்க, கதவத் தொறக்கறதுக்கு மிந்தி காது குடுத்துக் கேக்கோணும்னு எத்தன வாட்டி சொல்லீருக்கறேன்? சத்தமில்லாம போவீங்கன்னுதான உங்களக் களவாணியா வெச்சேன்? நீங்க என்னடான்னா மாமியார் ஊட்டுக்கு விருந்துக்குப் போறவராட்டம் நெஞ்ச நிமித்தீட்டுப் போறீங்க." பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்தாள். நர்ஸ் வந்து, ஐயா கொஞ்சம் வெளியே இருங்க என்றது. அவர் காப்பி வாங்கப் போனார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். காப்பித் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை ஏந்திக்கொண்டே நின்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷம் ஒன்று ஓடிவிட்டது, திதியும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் அந்தக் கொம்பன் இன்னும் அதே வாசலில் அதே கோடாலியை ஓங்கியபடி நிற்கிறான், ஏனென்றால் அந்த விளையாட்டில் நாம் அசைந்தால்தான் எதிரி அசைவான். நாம் ஒரு எட்டு வைத்தால் அவன் ஒரு எட்டு. நாம் சும்மா இருந்தால் அவனும் சும்மா. இது மட்டும் அவருக்குப் பிடித்த சட்டம். மற்றதெல்லாம் எரிச்சல்.

இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பீளமேட்டு அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில், கூடத்து நாற்காலியில், முழங்காலின் மேல் துண்டை விரித்து அதன் மேல் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துண்டு எதற்கென்றால் டேப்பின் முதுகு உப்பிவிட்டது. பேட்டரி வயிறு வீங்கிப்போச்சுங்க, ரொம்ப நாளைக்குத் தாங்காது, சார்ஜ் போட்டுட்டுத் தூங்கீராதீங்க என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லிவிட்டார். உள்ளே இருக்கும் விளையாட்டை வேறொன்றுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டதற்கு, இந்த விளையாட்டே இப்ப எங்கயும் கெடைக்கறதில்லீங்களே, புதுசா வேற நல்ல விளையாட்டு ஏத்தித் தரட்டுங்களா என்றார். வேறு நல்ல விளையாட்டு. வேறு விளையாட்டில் துளசிமணி இருப்பாளா? இதில் இருக்கிறாள். மூன்று பேர் கொண்ட கூட்டம் அது. முன்னால் இரும்புச் சட்டை போட்டு அடி வாங்குகிறவள் வேலாத்தாள், அதாவது நாச்சிமுத்துவின் அக்கா. நடுவில் களவாணி நாச்சிமுத்து. பின்னால் விளக்கும் மருந்துப் பையும் பிடித்துக்கொண்டு வைத்தியக்காரி துளசிமணி. நாலாவதாக மந்திரவாதி ஒருவன் இருந்தான். அவனுக்கு வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பெயரை வைத்து, இரண்டாவது நிலவறையிலேயே சாகவிட்டாள். தண்ணி மோட்டாரைப் பாதியில் நிறுத்தறவருக்கு இது போதும் என்றாள். மகன் பெயரை வைக்கலாமே என்று இவர் கேட்டதற்குப் பதறிப்போய், வாயக் கழுவுங்க, விளையாட்டுன்னாலும் செத்தா செத்ததுதான், பெத்த புள்ள பேர வெப்பாங்களா என்றாள். புருஷன் பெயரை வைக்கலாம், நாத்தனார் பெயரைத் தாராளமாக வைக்கலாம், தன் பெயரையே வைத்துக்கொள்ளலாம்.

செத்தால் செத்ததுதான். அதுதான் அந்த விளையாட்டின் கொடுமை. ஓர் ஆள் செத்தால் திரும்ப வராது. எல்லாரும் செத்தால் கூட்டமே அழிந்துவிடும். பழகிக்கொள்ளலாம் என்று புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கினாலோ, பழையதை அழிக்கட்டுமா என்று கேட்கும், ஏனென்றால் ஒரு கூட்டத்துக்குத்தான் அதில் இடம். கனடாவிலிருக்கும் மகன், அப்பா இதப் பாருங்க, புதுசா ஆடறவங்களுக்கு நல்லா சொல்லித் தர்றான் என்று ஒரு வீடியோ அனுப்பினான். அதில் காதில் பெரிய கருவி மாட்டிய பையன் ஒருவன் நாற்காலியில் சுழன்றுகொண்டே ஆங்கிலத்தில் மடமடவென்று பேசினான். நாச்சிமுத்துவின் ஆங்கிலம் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே பழைய பத்திரிகையைப் படித்துத் தானாகச் சேர்த்தது. எழுத்தில் இருந்தால் பிடிபடும், வாயில் இருந்தால் வழுக்கும். நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கதவைத் திறப்பதற்கு முன் காது கொடு. சரி. வெட்டவெளியில் சண்டை போடாதே, வாசற்படியில் நின்று போடு, அப்போது ஒருத்தன்தான் மேலே விழ முடியும். சரி. தெரியாத மோதிரத்தைப் போட்டுப் பார்க்காதே. வைத்தியக்காரியை எப்போதும் பின்னால் நிறுத்து. ஓடுவது அவமானமில்லை. மருந்தைச் சேர்த்து வைக்காதே, செத்தவன் பையில் இருக்கும் மருந்து யாருக்கும் ஆகாது. எல்லாம் சரி, எல்லாம் அவள் சொன்னதுதான். கடைசியில் அந்தப் பையன் நாற்காலியை ஒரு சுற்று சுற்றி நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மேலான அறிவுரை இதுதான், பயப்படாமல் செத்துப் பழகுங்கள், முதல் பத்து ஆட்டம் சாவதற்குத்தான் என்று சிரித்தான். நாச்சிமுத்து அதை அணைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். செத்துப் பழகுங்களாம். புதிதாக வருகிறவனுக்கு உலகத்தில் எல்லாரும் சொல்லும் அறிவுரை இதுதான். விழுந்து எழுந்து கற்றுக்கொள், உடைத்து ஒட்டிக் கற்றுக்கொள். மில்லில் நூல் அறுந்தால் நாக்கில் தொட்ட விரலால் ஒட்டிவிடலாம், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அறும், ஆயிரம் தடவை ஒட்டலாம். ஒரே ஓர் இழை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு அறிவுரை சொல்ல யாரும் இல்லை.

சும்மா விட்டுவிட்டால் என்ன என்றும் நினைத்துப் பார்த்தார். தொடாமல் வைத்துவிட்டால் கொம்பன் ஓங்கியபடி நிற்பான், அவள் விளக்கைப் பிடித்தபடி நிற்பாள். ஒரு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தார், சாமி படத்துக்குப் பக்கத்தில். ஆனால் பேட்டரிக்கு வயிறு வீங்குகிறது. ஒருநாள் திரை கறுத்துவிட்டால் அவள் அந்த இருட்டுக்குள்ளேயே நின்றுபோவாள். அவளோ அடிவரைக்கும் இறங்கி, அங்கே எடுக்க வேண்டிய வெண்கல மணியையும் எடுத்துக்கொண்டு, ஏறி வந்துகொண்டிருந்தாள். இன்னும் மூன்று நிலவறை ஏறினால் வெளிச்சம். மணியெடுக்கறது பெருசில்லீங்க, ஏறி வர்றதுதான் பெருசு, எறங்கறப்ப தூங்கீட்டிருந்ததெல்லாம் ஏர்றப்ப முழிச்சிருக்கும் என்பாள். மூணு பேத்தையும் மேல கூட்டீட்டு வந்தறோணும். வெளியே என்ன இருக்கும் என்று கேட்டார். தெரியலைங்க, யாரும் காட்டலை, வெயில் இருக்குமாட்ட இருக்குது என்றாள். அந்தக் கதவைத் திறந்தது யார்? அவள் இல்லை. அவர். அதனால் அதைத் தாண்டிக் கூட்டிவர வேண்டியதும் அவர்தான், இதில் யாரிடம் போய் என்ன சொல்ல.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டார். கேட்கவில்லை. மறுபடி தொட்டார். கேட்கவில்லை. நூல் ஒட்டி ஒட்டி விரல் நுனி மொண்ணையாகி, வங்கியில் ரேகை வைக்கிற இயந்திரமே இவர் உயிரோடு இருப்பதாக நம்புவதில்லை. நாக்கில் தொட்டு ஈரமாக்கிவிட்டுத் தொட்டார். கேட்டது. வாசற்படியில் நின்று சண்டை போடு. வேலாத்தாளை வாசலில் நிறுத்தி மற்ற இரண்டு பேரையும் நடைபாதைக்குள் பின்னுக்கு இழுத்தார். ஒரு வருஷமாக ஓங்கியிருந்த கோடாலி இறங்கியது. சட்டென்று, எந்த மரியாதையும் இல்லாமல், நேற்று ஓங்கியது போல. வேலாத்தாளின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோட்டில் கால்வாசி போய்விட்டது. அட, விளையாட்டுதானே என்று தனக்குத்தானே சொன்னார், அந்தக் குரல் கூடத்தில் ஓட்டைப் பாத்திரம் மாதிரிக் கேட்டது. மேல் வீட்டில் மிக்ஸி ஓடியது. வேலாத்தாள் திருப்பி அடித்தாள், பட்டது. களவாணி கல்லெறிந்தான், படவில்லை. நீ இருக்கிறாயே, என்றார் தன்னையே பார்த்து. துளசிமணி மந்திரம் சொல்லி வேலாத்தாளின் காயத்தை ஆற்றினாள். அப்படித்தான் அவள் ஆடுவாள், தன் பலத்தை எல்லாம் நாத்தனாருக்குப் போட்டுத் தீர்த்துவிடுவாள். கோடாலி மறுபடி இறங்கியது, மறுபடி ஆற்றினாள், அவள் மந்திரபலம் தீர்ந்தது. சரி, இப்படியே இன்னும் நாலு அடி என்று நினைத்தபோது, பின்னால், நடைபாதையின் இருட்டிலிருந்து, நாய் மாதிரி ஒன்று வந்தது. பின்னாலிருந்து. வைத்தியக்காரியைப் பின்னால் நிறுத்து என்றானே அந்த நாற்காலிப் பையன், எதிரி பின்னால் வந்தால் பின்னால் என்பது முன்னால் ஆகிவிடும் என்று ஏன் சொல்லவில்லை? ஏனென்றால் அவன் பத்து தடவை செத்துத் தெரிந்துகொண்டான். நாய் துளசிமணியைக் கடித்தது. அவள் கோட்டில் பாதி போனது. இடம் மாற்றலாம் என்று களவாணியைத் தொட்டார், கேட்கவில்லை, ஈரமாக்கி இரண்டு தடவை தொட்டார், இரண்டும் சேர்ந்து கேட்டு, களவாணி அவளைத் தாண்டி இன்னொரு எட்டு வைத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றான். நாய் மறுபடி கடித்தது. அவள் கோட்டில் இப்போது ஒரு விரற்கடை மிச்சம். இவர் கையை எடுத்துவிட்டார். எல்லாம் நின்றது. நாயின் வாய் திறந்தபடி, கோடாலி உயர்ந்தபடி, அவள் விளக்கு எரிந்தபடி. அசையாத வரைக்கும் அசையாது. அசையாமல் எத்தனை நேரம் உட்காரலாம்? போன் அடித்தது.

அக்கா வேலாத்தாள்தான், பொள்ளாச்சியிலிருந்து. சோற்றுக்கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தினமும் கூப்பிட்டுவிடுவாள். "ஏஞ் சாமி, சோறு தின்னயா?" "ஆச்சுங்கக்கா." "என்ன தின்ன?" "ரசஞ்சோறுங்க." "ரசஞ்சோத்தத் தின்னுட்டு எந்தக் கோட்டையப் புடிக்கப் போற? ஒரு பொரியல் வெக்கறதுக்கு என்ன கேடு? குரல் ஏன் இப்படி இருக்குது, படுத்திருந்தயா?" இல்லை, துளசியின் விளையாட்டை எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். "அதுல நான் இன்னுஞ் சாவலியா?" என்றாள். "இல்லீங்கக்கா. வாசப்படீல நின்னு அடி வாங்கீட்டிருக்கறீங்க." "அவ சாவ உடமாட்டா. எனக்கு அடி உழுகோணும், ஆனா சாவக்கூடாது, அவளுக்கு அதுதான வேணும். ஆஸ்பத்திரீல எனக்குக் காட்டுனா. அண்ணி, இங்க பாருங்க, உங்களுக்கு இரும்புச் சட்ட வாங்கிப் போட்டிருக்கறேன்னா. எனக்கு ஒரு சீல எடுத்துத் தந்ததில்ல, முப்பது வருசத்துல, இரும்புச் சட்ட எடுத்தாளாமா." சிரித்தாள். "அவ எப்படி இருக்கறா?" அவள் என்று யாரைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் விளங்காமல், விளங்கி, நாச்சிமுத்து சொன்னார்: "நாய் கடிச்சிருச்சுங்க. கொஞ்சந்தான் உசுரு இருக்குது." "மருந்து இல்லியா?" "இருக்குதுங்க. பை நெறைய வெச்சிருக்கறா." "அப்பறம் எதுக்குடா அதப் பாத்துட்டு உக்காந்திருக்கற? எடுத்துக் குடு!" "மேல இன்னும் பெருசு பெருசா இருக்குமாமுங்க. இப்பவே தீத்துட்டா…" போனுக்குள் பொள்ளாச்சிக் காகம் கத்தியது. "அவளும் இப்படித்தான் சொன்னா," என்றாள் கடைசியில். "சரி, வெக்கறேன். ராத்திரிக்காவது முட்ட கிட்ட வேவிச்சுத் தின்னு."

அவளும் இப்படித்தான் சொன்னாள். துளசிமணியின் வலிக்குக் கொடுத்த மாத்திரையைச் சொல்கிறாள் அக்கா. கடைசி வாரங்களில் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, கட்டு கட்டாக வாங்கி வந்து வைத்தார் நாச்சிமுத்து. போட்டுக்கொள் என்றால், இருக்கட்டுங்க, இது தாங்கற வலிதான், இன்னும் பெரிய வலி வரும்ன்னாங்களே, அப்பப் போட்டுக்கலாம், இப்பவே போட்டுப் பழகீட்டா அப்பறம் கேக்காது என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள், நெற்றியில் வேர்வை துளிர்க்க, வேலாத்தாளைக் கூட்டிக்கொண்டு எந்த அடுக்கிலோ. கெஞ்சியிருக்கிறார், கத்தியிருக்கிறார், ஒரு தடவை தட்டை விட்டெறிந்திருக்கிறார். அசைந்தாளா? பெரிய வலிக்கு என்று எடுத்து வைத்தாள். எது பெரிய வலி என்று அவளுக்கு யார் சொல்வது? காதுகுத்துக்கு வந்த எவர்சில்வர் குடம் விருந்தாளிக்கு. மகன் அனுப்பிய செண்ட் பாட்டில் கல்யாணத்துக்கு, எந்தக் கல்யாணத்துக்கு என்று கேட்டால் வரும்ங்க என்பாள். நல்ல போர்வை குளிர்காலத்துக்கு, கோயமுத்தூரில் எப்போது குளிர்காலம் வந்தாலும் இது அந்தக் குளிர் இல்லை, அதைவிடப் பெரிய குளிருக்கு. அவள் மட்டுமா? இவர் அம்மாவும் அப்படித்தான், அக்காவும் அப்படித்தான், ஊரே அப்படித்தான், நல்லதை எல்லாம் நாளைக்கு என்று மேல் பலகையில் ஏற்றிவிட்டு மட்டமானதைத் தின்று வளர்ந்த சனம். அவள் போன பிறகு மாத்திரையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மருந்துக்கடைப் பெண், பிரிக்கவே இல்லீங்களே என்றது. அதன் மேல் என்ன கோபம் வந்தது அவருக்கு. அந்தப் பெண் என்ன செய்யும். துளசிமணி மேல்தான் கோபம், இன்றைக்கும் அவள் மேல்தான், இந்த நிமிஷமும், பையைத் திறந்து பார்க்கும்போது அதில் வரிசையாக, துடைத்து வைத்தது போல, உயிருக்குச் சிவப்புப் புட்டியும் மந்திரபலத்துக்கு நீலப் புட்டியும், மூலையில் ஒரே ஒரு பொன்னிறப் புட்டியும் இருப்பதைப் பார்க்கும்போது.

பொன்னிறப் புட்டி முழு உயிரையும் திருப்பித் தரும். அதை எந்த அடுக்கில் எடுத்தாள், எத்தனை சண்டையில் அதைத் தொடாமல் தப்பினாள் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும், தினமும் கதையாகச் சொல்வாள். விரல் அதன் மேல் நின்றது. யாருக்கு என்று விளையாட்டு கேட்டது. மூன்று பெயர். அவள் பெயரைத் தொட்டால் போதும். தொட்டால் அவள் கோடு நிறையும். ஆனால் மேலே இன்னும் மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் வாசலில் ஒரு பெரிய காவல் இருக்கிறது என்று வீடியோக்காரன் சொன்னானே, அங்கே என்ன செய்வது, அங்கே அவள் கோடு இப்படி ஒரு விரற்கடைக்கு வந்தால்? சிவப்புப் புட்டி கொடுக்கலாம். சிவப்பு கால்வாசிதான் ஏறும். மருந்து குடிப்பதும் ஓர் அசைவு, அவள் குடிக்கும்போது நாயும் கடிக்கும், கால்வாசி ஏறிக் கால்வாசி இறங்கினால் சிவப்பும் வீண். அதற்குப் பதில் களவாணி அந்த அசைவில் நாயைக் குத்தினால்? நாய் சின்னது. ஒரு குத்தில் போய்விடும். போய்விட்டால் ஒரு புட்டியும் செலவில்லை. நாய் கடித்தாலும் எல்லாக் கடியும் படுவதில்லை, பட்டாலும் முதல் கடியை விட இரண்டாவது கொஞ்சம் குறைச்சல்தான். ஒரு விரற்கடை இருக்கிறது. பரவாயில்லை. இன்னும் ஓர் அடி தாங்கும். இதை நினைத்தது தன் குரலில் அல்ல என்று தெரிந்தது, யார் குரலில் என்றும் தெரிந்தது, தெரிந்துகொண்டே விரல் பையை மூடியது. நாக்கில் தொட்டு ஈரமாக்கினார். நாயைத் தொட்டார்.

களவாணி குத்தினான். பட்டது. நாய் சாகவில்லை. நாய் கடித்தது.

ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, துளசிமணி விழுந்தாள் என்று, மற்ற வரிகள் வருகிற அதே வெள்ளை எழுத்தில், அதே அளவில். விளக்கு அணைந்தது, திரை பாதி இருண்டது. நாச்சிமுத்து அந்த வரியைப் படித்தார், அது மேலேறிப் போகும்வரை பார்த்தார். தொண்டையிலிருந்து வந்தது அழுகை இல்லை, கெட்ட வார்த்தை. மில்லில் கேட்டது, தான் சொன்னதில்லை. நாயைச் சொன்னாரா, அந்த நாற்காலிப் பையனையா, பேட்டரியையா, அவளையா, தன் மொண்ணை விரலையா? கேட்டதே, கடைசியில் விரல் சரியாகத்தான் கேட்டது, விரலைச் சொல்லி என்ன. எல்லாம் தெரிந்துகொண்டு செய்கிறவனுக்கு அறிவுரை எதற்கு? மேல் வீட்டு மிக்ஸி நின்றிருந்தது. திரையில் கோடாலி இறங்கியது, வேலாத்தாள் வாங்கிக்கொண்டாள், திருப்பிக் கொடுத்தாள். களவாணி நாயைக் குத்தினான், இந்தத் தடவை செத்தது, ஒரு குத்து முன்னால் சாகக்கூடாதா உனக்கு என்றார். அவள் விழுந்த கட்டத்தில் பை கிடந்தது. களவாணியை அங்கே நகர்த்தினார். பையை எடுக்கட்டுமா என்று கேட்டது. எடு என்றார் வாய்விட்டு. வேலாத்தாளின் கோடு அதற்குள் நூலாகிவிட்டது. கொம்பன் மறுபடி ஓங்கினான். இப்போது யோசிக்கவில்லை. பொன்னிறப் புட்டியைத் தொட்டார், வேலாத்தாள் பெயரைத் தொட்டார். கோடு முழுதாக நிறைந்தது. நிறைந்த கோட்டோடு அவள் அடித்தாள், மறுபடி அடித்தாள், கொம்பன் சரிந்தான். உடனே சிவப்பை எடுத்தார். காயமில்லாத வேலாத்தாளுக்கு ஒன்று, காயமில்லாத தனக்கு ஒன்று. உனக்கு எந்தக் காயமும் இல்லை என்று விளையாட்டு ஒவ்வொரு தடவையும் சொன்னது. குடி என்று தொட்டார். எந்தக் காயமும் இல்லை. குடி. நீலமும் தீரும்வரை தொட்டார், விரல் நோக, துண்டுக்கு அடியில் டேப்பின் முதுகு சுட்டது. பை காலியானது.

கையை எடுத்தார். கதவுக்கு அந்தப் பக்கம், கொம்பன் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், மேலே ஏறும் படிக்கட்டு இருக்கிறது. தரைக்கு இன்னும் மூன்று அடுக்கு. நிலவறையில் இப்போது வேலாத்தாளும் நாச்சிமுத்துவும் நிற்கிறார்கள்.